சோற்றுக்கு அடியில் வைத்த கோழி

நம்முடைய நீர்ப் பூங்காவின் சாப்பாட்டு யன்னலுக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே,

உங்களுக்குப் பயிற்சி கொடுக்கும் மிஸ் என்னை ஒரு நாள் வந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகச் சொன்னார். ஆட்களுக்கு முன்னால் நின்று பேசுவது எனக்கு வராது. வந்திருந்தால் பதினாலு வருஷம் ஒரு ஓட்டைக்குப் பின்னால் நின்றிருப்பேனா? நம்முடைய யன்னல் எவ்வளவு பதிவாக இருக்கிறது என்று பார்த்திருப்பீர்கள். உள்ளே நிற்பவருக்கு வெளியே நிற்பவரின் கையும் வயிறும்தான் தெரியும். முகம் பார்க்க வேண்டுமென்றால் குனிய வேண்டும். அளவு தெரியாத மேசன் கட்டிய யன்னல் என்று எல்லோரும் திட்டுவார்கள். எனக்கு அது கடவுள் கட்டிய யன்னல்.

அதனால் எழுதித் தருகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துப் பிழையை மிஸ் திருத்தட்டும். மற்றதைத் திருத்தாமல் விட்டால் நல்லது.

எழுதுவதற்குக் காரணம் உங்கள் பயிற்சிப் புத்தகம். அதில் என் பெயரில் ஒரு பக்கம் இருக்கிறது என்று போன மாதம்தான் எனக்குத் தெரிய வந்தது. "ரோஸ் அன்ரியின் மூடிச் சோறு" என்று தலைப்புப் போட்டு, பக்கத்தில் பல்லைக் காட்டிச் சிரிக்கிற சோற்றுப் பானை ஒன்றையும் கீறியிருக்கிறார்களாம். எல்லாவற்றையும் ஒதுக்குகிற பெரிய பிள்ளைகளுக்கு எப்படித் தெரியாமல் சாப்பாட்டை உள்ளே தள்ளுவது என்று அதில் படிப்படியாக இருக்கிறதாம். வேலையில் இருந்த காலத்தில் என் பெயரை ஒரு மனேஜரும் நினைவு வைத்ததில்லை. ஓய்வு எடுத்த பிறகு புத்தகத்தில் வந்திருக்கிறது. அதுவும் நான் வெட்கப்படுகிற ஒரு வேலைக்காக.

முதலில் நம்முடைய குடும்பச் சாப்பாட்டுத் திட்டம். அதை ஒரு மனேஜர் ஐயா, எங்கள் வாயில் மனேஜர் மகத்தயா, குளிரூட்டிய அறைக்குள் இருந்து கண்டுபிடித்தார். பெரிய வாசலில் மரத்தால் செய்த ஒட்டகச்சிவிங்கி நிற்கிறதே, அதன் கழுத்தில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். பிள்ளை சறுக்குக் கோபுரத்தில் ஏறலாமா கூடாதா என்று அளந்து பார்க்க வைத்தது. மகத்தயா யோசித்தார். வயதைக் கேட்டால் தாய் தகப்பன் குறைத்துச் சொல்கிறார்கள், ஒட்டகச்சிவிங்கி குறைத்துச் சொல்லாது. அன்று தொடக்கம் கோட்டுக்குக் கீழே நிற்கிற பிள்ளைக்கு மஞ்சள் கைப்பட்டி. முயல் படம் போட்ட தட்டில் வெள்ளைச் சோறு, ஒரு சொசேஜ், கொஞ்சம் சிப்ஸ். கோட்டுக்கு மேலே தலை போனால் நீலக் கைப்பட்டி. மஞ்சள் சோறு, கோழிக் கறி, மீன் கறி, பருப்பு, கத்தரிக்காய், எத்தனை தரமும் வந்து வாங்கலாம். மனிதரின் நாக்கு கழுத்து உயரத்தில்தான் மாறுகிறது என்று அந்த மகத்தயா எங்கே படித்தாரோ தெரியாது.

ஒன்பது வயதில் தென்னம்பிள்ளை மாதிரி வளர்ந்துவிட்ட ஒருவனுக்கு மீன் தலை கொடுத்திருக்கிறேன். மீசை அரும்பிய ஒரு குள்ளப் பெடியனுக்கு முயல் தட்டும் கொடுத்திருக்கிறேன். அந்த மீசை அன்று முழுக்கச் சிரிக்கவில்லை.

ஆனால் வசமாக மாட்டிக்கொண்டது பதின்மூன்று, பதினாலு வயதுப் பிள்ளைகள். உடம்பு கோட்டுக்கு மேலே, வாய் கோட்டுக்குக் கீழே. "வெறும் சோறு மட்டும் தாங்கோ அன்ரி" என்று நீலக் கைப்பட்டி போட்ட கைகள் நீளும். வெள்ளைச் சோறு என் முழங்கைக்குப் பக்கத்திலேயே ஆவி பறந்துகொண்டிருக்கும். கொடுக்கக்கூடாது. அது மஞ்சள் பட்டிக்கு. கொடுத்தால் என்ன ஆகும் என்று ஒருமுறை சுப்பவைசரைக் கேட்டேன். "திட்டம் குழம்பிப் போகும்" என்றார். சோறு குழையலாம், திட்டம் குழம்பக்கூடாது.

அங்கேதான் என் கெட்டித்தனம் வேலைக்கு வந்தது. கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டில் கசப்பு மருந்துக் குளிசையை வாழைப்பழத்துக்குள் சொருகித்தான் தருவார்கள். முட்டை தின்னாத பிள்ளைக்கு ரொட்டி மாவுக்குள் முட்டை. மீன் தின்னாத பிள்ளைக்குப் பிட்டுக்குள் மீன். அதை ஏமாற்று என்று யாரும் சொன்னதில்லை, அன்பு என்றுதான் சொன்னார்கள். நானும் அந்த அன்பை யன்னலுக்குக் கொண்டுவந்தேன். தாய்மார் குனிந்து இரகசியமாகக் கேட்பார்கள். மஞ்சள் பட்டிப் பிள்ளைகளுக்கு வைத்த பானையில் இருந்து வெள்ளைச் சோறு களவாக எடுப்பேன். எலும்பு எடுத்த கோழியை நூல் நூலாகக் கிழித்து, மசித்த கரட்டோடு சேர்த்துக் கிண்ணத்தில் வைத்து, சுற்றி வரச் சோற்றை அமத்தி, தட்டில் கவிழ்ப்பேன். வெள்ளை வெளேரென்று கோயில் கோபுரத்து மூடி மாதிரி நிற்கும். மேலே ஒரு பப்படம். முதல் நாலு வாயில் ஒன்றும் தெரியாது. பசியில் அள்ளித் தின்னும்போது கோழியும் போய்விடும்.

பெயர் பரவிவிட்டது. "அந்த மூடிச் சோறு அன்ரி இண்டைக்கு இருக்கிறாவா?" என்று கேட்டு வருவார்கள். தட்டுகள் வெறுமையாகத் திரும்பி வருவதைப் பார்த்து மனேஜரே ஒரு நாள் யன்னலுக்குள் கையை விட்டு என் கையைக் குலுக்கினார்.

குலுக்காதவர் ஒரே ஒருவர். சமையலறைக்குப் பெரியவர், மருதானைப் பக்கத்து முஸ்லிம் மனிதர். அண்ணன் என்பதற்கு அவர்கள் நானா என்பார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். நான் சோற்றை அமத்துவதை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார்.

"ஏன் புள்ள, என்ட கோழி என்ன களவெடுத்த சாமானா? இப்பிடி ஒளிக்கிறாய்?"

"பிள்ளைகள் சாப்பிடுதுகள்தானே நானா."

"சாப்பிடுது, சாப்பிடுது" என்பார். அடுப்புப் பக்கம் திரும்பிவிடுவார்.

அபி வந்தது பள்ளிக்கூட விடுமுறையில் ஒரு சனிக்கிழமை. வெள்ளவத்தையில் இருந்து தாய், தகப்பன், பதினாலு வயதில் அபி, எட்டு வயதில் ஒரு தங்கச்சி. தங்கச்சி கண்ணில் பட்டதை எல்லாம் தின்கிற சாதி. வீட்டில் ஒன்று அப்படி இருந்தால் மற்றதுக்குத்தான் கஷ்டம், அளவுகோலைப் பக்கத்திலேயே உட்கார வைத்த மாதிரி.

முதலில் வந்தது தகப்பனின் கை. பெரிய மணிக்கூடு, நீலக் கைப்பட்டி.

"அன்ரி, எல்லாத்திலயும் நல்லா அள்ளிப் போடுங்கோ. நேற்றுப் பின்னேரத்துக்குப் பிறகு நாங்கள் ஒருத்தரும் ஒண்டும் வாயில வைக்கேல்ல. எத்தின தரமும் எடுக்கலாம் எண்டால் வயித்தைக் காலியா வைச்சுக்கொண்டுதானே வரவேணும்?"

படித்த மனிதர். விடியவே வெளிக்கிட்டு, பசியோடு பிள்ளைகளை மத்தியானம் வரைக்கும் தண்ணீரில் குதிக்க விட்டிருக்கிறார். திட்டத்தின் முழுப் பலனையும் வயிற்றில் ஏற்றவேண்டுமாம்.

பிறகு தாயின் கை. அது யன்னல் பலகையைப் பிடித்துக்கொண்டு கிட்ட வந்தது.

"அன்ரி, மூத்தவ ஒண்டும் தின்னமாட்டா. வெள்ளைச் சோறும் பப்படமும்தான். எங்கட ஃபிளட்டில மேல்மாடி அக்காதான் உங்களைப் பற்றிச் சொன்னவ. அடியில கொஞ்சம் கோழியை வைச்சு மூடிவிடுங்கோ. இப்பிடியே இருந்தால் நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போய் என்ன செய்யப்போறாளோ."

பதினாலு வயது. இன்னொரு வீட்டின் பிளேட்டு இப்போதே காத்திருக்கிறது.

நான் மூடிச் சோறு செய்தேன். அன்றைக்குச் செய்தது மாதிரி வடிவாக வேறு எப்போதும் செய்யவில்லை. கையில் எடுத்து நீட்டும்போது மூன்றாவது கை வந்தது. மெலிந்த கை, சின்ன விரல் உள்ளே கொஞ்சம் வளைந்திருந்தது. தட்டின் விளிம்பைப் பிடித்தது, இழுக்கவில்லை.

"அன்ரி, இதுக்குள்ள வேற ஒண்டும் இல்லையே?"

அதுவரைக்கும் ஒரு பிள்ளையும் என்னைக் கேட்டதில்லை. தாய்மார் கேட்பார்கள், நான் செய்வேன், பிள்ளை தின்னும். கேள்வி கேட்டால் என்ன சொல்வது என்று நான் யோசித்தே வைக்கவில்லை. பின்னால் வரிசை. யாரோ இருமினார்கள். நான் குனியவில்லை.

"இல்ல மகள். வெறும் சோறுதான்" என்றேன்.

"தேங்க் யூ அன்ரி" என்றது கை.

யன்னலுக்கு நேரே இருந்த மேசையில்தான் இருந்தார்கள். என் கைவேலையைப் பார்க்க அப்போது மட்டும் குனிந்தேன். அந்தப் பிள்ளை பப்படத்தை நொறுக்கிச் சோற்றில் தூவிச் சாப்பிட்டாள். பசி. இரண்டாம் வாய்க்கு முகம் மலர்ந்துவிட்டது. தங்கச்சியின் காதுக்குள் ஏதோ சொல்லி இருவரும் சிரித்தார்கள். நாலாம் வாய் போனது. தகப்பன் மெதுவாகப் போனை எடுத்து வீடியோ பிடித்ததை அவள் காணவில்லை.

ஐந்தாம் வாயில் மென்று கொண்டிருந்தது நின்றது.

அழவில்லை, கத்தவில்லை. கடதாசி ஒன்றை எடுத்து வாயில் இருந்ததை அதற்குள் வைத்து மடித்தாள். கரண்டியால் சோற்றைப் பிளந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பாத்தியா, பாத்தியா!" தகப்பனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நாலு வாய் உள்ளுக்குப் போயிட்டுது. செத்தா போனாய்? இனி எனக்குக் கோழி பிடிக்காது எண்டு சொல்லு பாப்பம்!"

"வடிவாத்தானே சாப்பிட்டனீ. மிச்சத்தையும் சாப்பிடு குஞ்சு" என்றார் தாய்.

படம் குடும்பக் குழுவுக்குப் போய்விட்டது. கனடாவில் இருந்து ஒரு மாமி குரல் பதிவே அனுப்பினார். தகப்பன் அதைச் சத்தமாகப் போட்டார். "வெரி குட் அபிக்குட்டி! கோழி சாப்பிட்டிட்டீங்களாம்!" அங்கே என்ன நேரமோ, நித்திரையை முறித்து எழும்பிச் சந்தோஷப்பட்டிருக்கிறார்.

அபி தட்டைத் தள்ளி வைத்தாள். மிச்சப் பப்படத்தையும் தொடவில்லை. தங்கச்சியின் முயல் தட்டில் இருந்த சிப்ஸை எடுத்தவள் இரண்டாக முறித்து உள்ளே பார்த்தாள். பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். அதைக் கண்டபோதுதான் எனக்கு உள்ளே ஏதோ சரியில்லை என்று பட்டது. உருளைக்கிழங்குக்குள் யாராவது எதையும் வைக்க முடியுமா?

வைக்கலாம் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான்.

தட்டு திரும்பி வந்தது. நானா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தட்டைக் கழுவப் போட்டார். அவர் ஏதாவது திட்டியிருந்தால் நானும் இரண்டு சொல்லி மனதை ஆற்றியிருப்பேன்.

நாலு மணித் தேநீருக்கு வெறும் பணிஸ் ரொட்டி கொடுப்போம். வளைந்த சின்ன விரல் வந்து ஒன்றை எடுத்தது. இந்தமுறை என்னை ஒன்றும் கேட்கவில்லை. அதைத்தான் கவனியுங்கள் பிள்ளைகளே. கேட்கவில்லை. மேசையில் வைத்துப் பணிஸைத் துண்டு துண்டாகப் பிய்த்து, ஒவ்வொரு துண்டையும் திருப்பிப் பார்த்து, குருவிக்குப் போடுகிற அளவுக்குத் தூளாக்கிவிட்டு எழும்பிப் போனாள்.

அரை மணி நேரம் கழித்துச் சறுக்குக் கோபுரத்துப் படியில் அவள் சரிந்துவிட்டாள் என்று செய்தி வந்தது. நல்ல காலம், முன்னால் நின்றவர்கள் பிடித்துவிட்டார்கள். தூக்கிக்கொண்டு முதலுதவி அறைக்கு வந்தார்கள். அந்த அறை நம்முடைய சமையலறையின் பின்கதவுக்கு எதிரே என்பது உங்களுக்குத் தெரியும். பின்கதவு திறந்திருந்தது. எல்லாம் கேட்டது.

நேர்ஸ் மிஸ் ஒரு கிளாஸை நீட்டினார்.

"குடியும் மகள். தலைச்சுத்து நிக்கும்."

"இதுக்குள்ள என்ன?"

"குளுக்கோஸ்."

"வேற?"

"வேற ஒண்டும் இல்ல மகள்."

பிள்ளை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

அந்த மிஸ் சொன்னது சுத்தமான உண்மை. ஆனால் அந்த வார்த்தையை நான் மத்தியானமே செலவழித்து முடித்துவிட்டேன். இனி அதை யார் சொன்னாலும் செல்லாது.

தகப்பன் அதட்டினார், தாய் கெஞ்சினார், தங்கச்சி அழுதாள். இன்னும் கொஞ்ச நேரத்துக்குள் வாயால் ஏதாவது எடுக்காவிட்டால் அம்புலன்ஸை அழைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ஊசியால்தான் ஏற்ற வேண்டும் என்று மிஸ் சொன்னார். அம்புலன்ஸ் என்ற சொல் காதில் விழுந்ததும் மனேஜர் மகத்தயா சமையலறைக்குள் ஓடி வந்தார். பிள்ளைகளை ஏற்றிப் போகும் அம்புலன்ஸை வாசலில் நிற்கிறவர்கள் படம் பிடிப்பார்கள் அல்லவா.

"இக்மனட்ட, அக்கே, இக்மனட்ட!" சீக்கிரம் அக்கா, சீக்கிரம் என்கிறார். "உங்கட அந்த மூடிச் சோறு ஒண்டு போடுங்க. சோத்துக்குள்ள குளுக்கோஸைத் தூவி நல்லா மூடிக் குடுங்க."

இவ்வளவு படித்தவர்களைத்தான் நமக்கு மேலே வைக்கிறார்கள்.

நான் கிண்ணத்தை எடுத்தேன். ஆமாம், எடுத்தேன். மறைக்காமல் சொல்கிறேன். பயந்த நேரத்தில் கை தனக்குத் தெரிந்த வேலையைத்தான் செய்யும். நானா வந்து கிண்ணத்தை என் கையில் இருந்து வாங்கிக் கவிழ்த்து வைத்தார்.

"போய்ச் சொல்லு புள்ள."

"என்ன சொல்ல?"

"நீ செஞ்சத. பொய் சொன்னது உன்ட வாய். என்ட அகப்பையால அதச் சரிக்கட்ட ஏலாது."

"எல்லாருக்கும் முன்னாலயா நானா? நான் யன்னலுக்குள்ளால சொன்னது."

"அப்ப யன்னலக் கழட்டித் தரட்டா? தூக்கிக்கொண்டு போறியா?"

பின்கதவுக்கும் அந்த அறைக்கும் பத்து அடி இருக்கும். கொச்சிக்கடையில் வான் வண்டி ஏறி, பேலியகொடை மீன் நாற்றத்துக்குள்ளால் தினமும் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். அந்தப் பத்து அடி மாதிரி ஒரு தூரம் நான் போனதில்லை. உள்ளே போனதும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பார்க்க வேறு இடம் இல்லாமல் அந்தப் பிள்ளையின் கையைப் பார்த்தேன். அது கட்டில் விளிம்பைப் பிடித்திருந்தது.

"மகள், சோறு தந்தது நான்தான். அந்த யன்னல் அன்ரி. கோழி வைச்சது நான். நீர் கேட்க, வேற ஒண்டும் இல்லையெண்டு சொன்னதும் நான். பொய்தான் சொன்னனான்."

"அன்ரி!" தகப்பனுக்குக் கோபம் வந்தது. "இதை இப்ப ஏன் பிள்ளைக்கு முன்னால... நாங்கள்தானே வைக்கச் சொன்னனாங்கள்."

மனேஜர் என் கால் பெருவிரலை மிதித்தார். தற்செயலாகத்தான் இருக்கும், இரண்டு தரம்.

அபி திரும்பினாள். முதன்முதலாக அவள் முகத்தை நேரே பார்த்தேன். காய்ந்த உதடு, பெரிய கண்.

"அம்மாவா சொன்னவ?"

பிள்ளைகளே, அந்த நேரம் நான் யோசித்ததைச் சொல்கிறேன். ஓம் என்று மட்டும் சொன்னால் நான் தப்பிவிடுவேன், தாய் மாட்டிக்கொள்வார். இல்லை என்றால் தாய் தப்புவார், நான் ஒரே நாளில் அதே பிள்ளைக்கு இரண்டாவது பொய் சொன்னவளாவேன். தாயின் கண் என்னைக் கெஞ்சியது.

"அம்மா கேட்டவ. உம்மட பசியைப் பாத்துத்தான் கேட்டவ. ஆனால் நீர் அம்மாவைக் கேட்கேல்ல, என்னைக் கேட்டனீர். உம்மட முகத்துக்குப் பொய் சொன்னது நான்."

பிறகு அந்தப் பிள்ளை சொன்னாள், குரலே இல்லை.

"கோழி வைச்சதுகூடப் பரவாயில்ல அன்ரி. நான் கேட்டனான்தானே."

அவ்வளவுதான்.

அப்போது வாயில் வந்ததைக் கேட்டேன். "செவ்விளநீர் குடிப்பீரா? உமக்கு முன்னாலேயே வெட்டுவம்."

அவள் யோசித்தாள். "வெட்டுறதுக்கு முதல் நான் கையில வாங்கிப் பாக்கலாமா?"

"ஓம். எவ்வளவு நேரமும் பாக்கலாம்."

செவ்விளநீர்க் கடை வாசலில். மனேஜர் மகத்தயாவே பளபளத்த சப்பாத்துக் காலோடு ஓடினார். திட்டம் கண்டுபிடித்த நாளுக்குப் பிறகு அவர் உடம்பால் செய்த முதல் வேலை. இரண்டு காயும் கத்தியுமாக மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். அபி எழும்பி உட்கார்ந்து ஒரு காயை மடியில் வைத்து உருட்டி உருட்டிப் பார்த்தாள். காம்புப் பக்கத்தை விரலால் தடவினாள். தகப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தாய் அவர் கையைப் பிடித்து, "சும்மா இருங்கோ" என்றார். அன்று அந்த அம்மா சத்தமாகச் சொன்ன முதல் சொல் அது.

நானா வந்து வெட்டினார். ஸ்ட்ரோவை நீட்டினார்கள், அதற்குள்ளும் ஒரு ஓட்டை இருக்கிறதல்லவா, வேண்டாம் என்று தலையாட்டினாள். காயைத் தூக்கி வாயால் குடித்தாள். பாதி நெஞ்சில் ஊற்றியது. பாதி உள்ளே போனது. மிஸ் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு அம்புலன்ஸ் வேண்டாம் என்றார்.

பிறகு நானா போய் மஞ்சளுக்கு வைத்திருந்த சோற்றுப் பானையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு அந்த அறைக்கே வந்துவிட்டார். மூடி போட்டபடி கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையில் வைத்தார். கழுவிய கரண்டி ஒன்றையும் வெறும் தட்டையும் கொடுத்தார்.

"மகள், நீங்களே தெறந்து பாருங்கோ. நீங்களே போடுங்கோ. நாங்க கிட்டயும் வரமாட்டோம்."

"சேர், அது மஞ்சள் பட்டிச் சோறு..." என்றார் வாசலில் நின்ற சுப்பவைசர். மனேஜர் அவரைப் பார்த்த பார்வையில் அவர் பிறகு அன்று முழுக்கத் திட்டத்தைப் பற்றிப் பேசவில்லை.

அபி மூடியைத் திறந்தாள். ஆவி முகத்தில் அடித்தது. கரண்டியைப் பானையின் அடி வரைக்கும் இறக்கி, கிண்டி, மேலே கொண்டுவந்து பார்த்தாள். தட்டில் போட்டாள். போட்ட பிறகும் கரண்டி நுனியால் தட்டின் அடி தெரிய ஒரு தரம் தோண்டினாள். தோண்டும்போது என்னைப் பார்த்தாள். எனக்கு யன்னல் பலகைக்குப் பின்னால் ஓட வேண்டும் போல் இருந்தது. நின்றேன்.

தட்டில் பாதி சாப்பிட்டாள். வெறும் சோறு, ஒன்றும் இல்லாமல். சாப்பிட்டு முடித்துத் தகப்பனைப் பார்த்து, "அப்பா, அந்த வீடியோவை அழிச்சு விடுங்கோ" என்றாள். அவர் போனை எடுத்தார். இருபத்தொரு பேர் பார்த்துவிட்டார்கள், மாமி இதயப் படம் வேறு போட்டிருக்கிறார். அழித்தார். அழித்துவிட்டு அந்தப் பெரிய மனிதர் போனைக் கையில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் முட்டிக்கால் போட்ட பெடியன் மாதிரி நின்றார். அவரும் பிள்ளை தின்னவேண்டும் என்றுதானே இவ்வளவும் செய்தார். எல்லோரும் அன்பாகத்தான் செய்தோம். அன்பில் ஒரு குறையும் இல்லை. பிள்ளை மட்டும்தான் மயங்கி விழுந்தாள்.

நடந்ததில் இருந்து நிர்வாகம் பாடம் படிக்கவில்லை என்று நீங்கள் நினைக்கக்கூடாது. படித்தது. அடுத்த மாதமே "பானை பார்க்கும் அனுபவம்" என்று ஒரு பலகை தொங்கியது, விரும்பிய குடும்பங்களுக்குத் தனிக் கட்டணத்தோடு. ஒருவரும் வாங்கவில்லை, கழற்றிவிட்டார்கள். மூடிச் சோறு மட்டும் நிலைத்து உங்கள் புத்தகத்துக்குள் போய்விட்டது. அன்றைய நாளில் இருந்து நான் அதை ஒரு தரமும் செய்யவில்லை என்பதை மட்டும் எழுதுகிறவர் எழுத மறந்துவிட்டார்.

நீங்கள் இளம் ஆட்கள், என்னைவிடப் படித்தவர்கள். தாய் வந்து இரகசியமாகக் கேட்பார். மறுத்தால் முறைப்பாடு எழுதுவார். எனக்கும் எழுதினார்கள், மூன்று தரம். சுப்பவைசர் கூப்பிட்டுப் பேசுவார். தலையைக் குனிந்துகொண்டு கேளுங்கள், அது எனக்கு நன்றாக வரும். ஆனால் பிள்ளை, "இதுக்குள்ள என்ன?" என்று கேட்டால் இருப்பதைச் சொல்லுங்கள். தின்னாமல் போனால் போகட்டும். சாயந்தரம் வந்து பசிக்குது என்று சொல்வதற்கு அந்தப் பிள்ளைக்கு ஒரு முகம் வேண்டும். யன்னல் பதிவுதான், முதுகு நோகும். இருந்தாலும் பதில் சொல்லும்போது மட்டும் குனியுங்கள்.

இந்தக் கடிதம் உங்களுக்கு வாசித்துக் காட்டப்பட்டால் மூடிச் சோறு இருக்கிற அந்தப் பதினோராம் பக்கத்தைக் கிழித்துவிட்டு இதை வைத்துக்கொள்ளுங்கள். சிரிக்கிற பானையை வேண்டுமானால் வெட்டி எடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்க்க ஆசை.

அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த வருஷ விடுமுறையில், நான் வேலையை விடுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு நாள் மத்தியானம் வரிசையில் ஒரு கை வந்தது. நீலக் கைப்பட்டி, உள்ளே வளைந்த சின்ன விரல். நான் குனிந்தேன். வளர்ந்திருந்தாள்.

"வெள்ளைச் சோறு தாங்கோ அன்ரி" என்றாள். போட்டுக் கொடுத்தேன். தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இழுக்காமல் நின்றாள்.

"இதுக்குள்ள வேற ஒண்டும் இல்லையே?"

"இல்ல மகள்" என்றேன், முகத்தைப் பார்த்து.

"தேங்க் யூ அன்ரி."

அதே மேசையில் போய் உட்கார்ந்தாள். கரண்டியை எடுத்தாள். தட்டின் அடி தெரியும் வரைக்கும் தோண்டிப் பார்த்துவிட்டுத்தான் முதல் வாயை வைத்தாள்.